ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

"இதுவரைக்கும் உங்க கையில எத்தனை பேருக்கு முகம் போயிருக்கு சார்?"

டாக்டர் இம்தியாஸ் எழுதுவதை நிறுத்தினார். நர்சய்யா மாமா என் முழங்கையைக் கிள்ளினார். எங்கள் நெசவு ஊர் சிரிசில்லாவில் பஸ் ஏறியதிலிருந்து ஹைதராபாத்தில் இறங்கும்வரை மாமா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்த புத்திமதி இந்த ஒன்றுதான்: "டாக்டர்கிட்ட எண்ணிக்கை மட்டும் கேக்கவே கூடாது பிட்டா. நீங்கதான் தெய்வம்னு கும்பிட்டுட்டு வெளிய வந்துடணும். கேள்வி கேட்டா அவரு மனசு கலங்கும். மனசு கலங்கினா கை நடுங்கும்." மாமா சொன்னபடியே என் நைனா கும்பிட்டுக்கொண்டு நின்றார். அறைக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கைகளை அவர் பிரிக்கவே இல்லை.

"சின்னப் பொண்ணு சார். எங்க வம்சத்துல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆளு. படிச்ச திமிரு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மாமா.

"என்ன படிச்சே?" டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"பி.எஸ்சி. பிஸிக்ஸ்."

"அப்போ எண்ணிக்கை கேக்கத்தான் செய்வே." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன் கட்டி மூணரை சென்டிமீட்டர். இந்த அளவுல நூத்தி நாப்பத்தோரு பேருக்கு எடுத்திருக்கேன். நாலுல ஒருத்தருக்கு முகம் சரியாத் திரும்பலை. ஆறு பேருக்கு நரம்பே அறுந்துபோச்சு. ரெண்டு பேர் செத்துட்டாங்க. பேரும் சொல்லணுமா?"

"வேண்டாம் சார்."

"உங்க மாமா பயப்படறாரு. நடுங்குதான்னு நீயே பாரு."

இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே, எதிலும் ஊன்றாமல் நீட்டினார். தறி மெக்கானிக்குடையவை போலத் தடித்த விரல்கள். இதைக்கொண்டா என் மூளைக்குள் போகப் போகிறார் என்றிருந்தது. ஆனால் அவை அந்தரத்தில் நின்றன. ஒரு நிமிடம் இருக்கும். மின்விசிறிக் காற்றில் மேசைமேல் காகிதங்கள் ஆடின, விரல்கள் ஆடவில்லை. சண்டை போடுவதற்கென்றே வந்தவள் நான். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கற நரம்பு போயாச்சு, அதுமேல ஆசை வைக்காதே" என்றார். "அதை ஒட்டியே முகத்து நரம்பு போகுது. கட்டி அதை நசுக்கி நூல் மாதிரி ஆக்கி வெச்சிருக்கும். உங்க ஊர்ல நெய்யறதுலயே மெல்லிசு நூல் எது?"

நைனா அப்போதுதான் வாய் திறந்தார். "நாங்க பாலியெஸ்டர்தான் சார் நெய்யறோம். அது அறுந்தா பரவாயில்ல, நிறைய இருக்கு."

*

எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு நன்றாகக் காது கேட்டால் அவன் தறி ஓட்டாதவன் என்று அர்த்தம். மற்ற எல்லோருக்கும் தறிக்காதுதான். யாரும் அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை. தலை நரைத்தால் பார்ப்போமா? நைனா வேலை செய்யும் கொட்டகையில் பதினாறு விசைத்தறிகள். அவை ஓடும்போது கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. குரலில்லாமல் வாயை அசைத்துப் பேசுவார்கள். கொட்டகையின் இந்தக் கோடியில் ஒருவன் முதலாளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் அந்தக் கோடியில் தார்க் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும் என் அம்மா லச்சவ்வா சிரிப்பாள். முதலாளிக்கு மட்டும் எதுவும் தெரியாது.

எனக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் வலது காதில் விசில் அடிக்க ஆரம்பித்தது. போனை இடது காதுக்கு மாற்றினேன். அம்மா பார்த்துவிட்டு, "உனக்கும் தறிக்காது வந்துடுச்சா? பட்டம் வாங்கினாலும் நெசவுக்காரி நெசவுக்காரிதான்டி" என்று சிரித்தாள். கரீம்நகரில் ஒரு காது டாக்டர் என் ஊர்ப் பெயரைக் கேட்டார். சிரிசில்லா என்றேன். காதுக்குள் எட்டிப் பார்க்காமலே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவர்கள்மேல் கோபம் உண்டு. என்மேல் அதைவிட அதிகம். மூன்று வருடம் ஒலியைப் பற்றிப் பரீட்சை எழுதியவள் நான். கொட்டகைச் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் வரும். பிறகு ஏன் ஒரு காது மட்டும் செத்தது? இந்த ஒரு வரிக் கேள்வியை நான் இரண்டு வருடம் கேட்கவில்லை. வலது கன்னம் மரத்து, இருட்டில் நடந்தால் வலது பக்கம் சுவரில் போய் மோத ஆரம்பித்த பிறகுதான் கேட்டேன். அதற்குள் உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் காய்த்திருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் முகத்தைப் படம் பிடித்தார்கள். புருவத்தைத் தூக்கு. கண்ணை இறுக்கி மூடு. பல்லைக் காட்டு. விசில் அடி. உதட்டைக் குவி. படம் பிடித்த பையன், "அக்கா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி காட்டுங்களேன், முறைக்கிறீங்க" என்றான். "இதுதான்டா என் சிரிப்பு" என்றேன். பிறகு கழிவறைக் கண்ணாடி முன் நின்று அத்தனையும் மறுபடி செய்தேன். இருபத்து மூன்று வருடம் இந்த முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு புருவம் தூக்கும்போது மற்றது எப்படிக் கூடவே எழுகிறதென்று அன்றைக்குத்தான் கவனித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு நொடி முன்பின் இல்லாமல்.

காலையில் வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் முடியை மழித்தார்கள். தியேட்டர் கதவின் கண்ணாடிக்கு வெளியே அம்மா நின்றாள். வாயை மட்டும் அசைத்தாள். 'மூக்குத்தி என் இடுப்புல பத்திரமா இருக்கு. பயப்படாதே.' நான் பயந்தது மூக்குத்திக்கு என்று நினைத்துவிட்டாள் போலும்.

*

ஒன்பது மணி நேரம் ஆயிற்று. விழித்தபோது உலகம் இடது பக்கமாகச் சுழன்று ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவேயில்லை. வலது காதில் இரைச்சல்கூட இல்லாத ஒரு குழி. தொண்டைக் குழாயை எடுத்த பிறகும் இரண்டு நாள் குரல் வரவில்லை. வலது பாதி முகம் யாருடையதோ போலத் தொங்கியது.

அம்மாவை ஐந்து நிமிடம் ஐ.சி.யு. கண்ணாடிக்கு அப்பால் நிற்க விட்டார்கள். நான் பாதி வாயை அசைத்தேன். அருகில் நின்ற சிஸ்டர், "என்னம்மா வேணும்? தண்ணியா? வலிக்குதா?" என்று தடுமாறினாள்.

"இடது குதிகால் அரிக்குதாம்" என்றாள் அம்மா கண்ணாடிக்கு வெளியே இருந்து. "அப்புறம், பக்கத்து பெட்டுப் பெரியவரு ராத்திரி பூரா குறட்டையாம். ஒரு காதுக்குத்தான் கேட்டுச்சாம், அந்த மட்டும் லாபங்கறா."

சிஸ்டர் கையிலிருந்த அட்டையை அப்படியே வைத்துவிட்டு என் குதிகாலைச் சொறிந்தாள். அன்றிலிருந்து அந்த வார்டில் பேச முடியாமல் கிடந்த வேறு மூன்று பேருக்கும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், மூளை டாக்டர்களுக்கு நடுவே முக்காடு போட்டுக்கொண்டு நின்று, "இவருக்குத் தலகாணி உசரமாம். இவங்க மருமகளைப் பாக்க இஷ்டமில்லையாம்" என்று சொல்லிக்கொண்டு போனாள். பாதி செத்த வாய்களிலிருந்து அவள் முழு வாக்கியங்களை எடுத்தாள். எங்கள் கொட்டகையில் இது ஒரு பெரிய விஷயமில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

டாக்டர் இம்தியாஸ் வந்தபோது நான் வாயசைத்தேன்.

"நரம்பு அறுந்துச்சான்னு கேக்கறா சார்" என்றாள் அம்மா.

"அறுக்கலை." அவர் என் பக்கம் குனிந்தார், இடது காதுப் பக்கம். "ஈர வெங்காயத்தோல் மாதிரி கட்டிமேல பரந்து கிடந்தது. அஞ்சு மணி நேரம் அதைப் பிரிச்சேன். தொட்டபோதெல்லாம் மெஷின் டம் டம்னு அடிச்சுது, உன் முகம்தான் சத்தம் போட்டது. கடைசி அரை மணி நேரம் சத்தம் வரலை. ஆனா கண்ணால பார்த்தேன், முழுசா இருக்கு."

'பின்னே ஏன் அசையல?'

அம்மா அதையும் சொன்னாள்.

"உறை இருக்கு, உள்ள இழைங்க செத்திருக்கும். வேர்லேர்ந்து புதுசா முளைச்சு வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். வந்தா வரும்."

அம்மாவின் இடுப்பிலிருந்த அளவு நாடாவை வாங்கி, தலைக்குள்ளிருந்து காது வழியாக உதடுவரை தோராயமாக அளந்தேன். பதினைந்து சென்டிமீட்டர். நூற்றைம்பது நாள். வழி தவறாமல் வந்தால்.

*

வீட்டில் முதல் வாரம் கட்டிலிலிருந்து கதவுக்குப் போவது ஒரு பிரயாணம். வலது கண் மூடாது. சொட்டு மருந்து விட்டு, இரவில் அம்மா பிளாஸ்திரி ஒட்டி மூடுவாள். சோறு வலது கன்னத்தில் தங்கிவிடும், விரலால் தோண்டி எடுக்க வேண்டும். மாமா சங்கராந்திக்குச் சகினாலு முறுக்கு கொண்டுவந்தார், கடித்தால் பொடி பாதி உதட்டு வழியாகக் கொட்டியது. "கோழிக்குப் போடற மாதிரி இருக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பிசியோதெரபிப் பெண் சொல்லி அனுப்பிய பயிற்சி எளிது. சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். முதல் நாள் எழுத்து குதித்தது, நான் வாந்தி எடுத்தேன். நாலு வேளை, தினமும். வெட்டிய பக்கத்துச் சமநிலை நரம்பிலிருந்து மூளைக்கு இனி எந்தச் செய்தியும் வராது. அது மீதிப் பாதியை மட்டும் வைத்து நிற்கக் கற்க வேண்டும். நான் அதற்கு எதுவும் சொல்லித் தரவில்லை, எனக்கே தெரியாது. நாற்பதாவது நாள் காலையில் தலையை ஆட்டினேன், எழுத்து நின்றது. அசையாமல், கறுப்பாக, சுவரில் நின்றது. எனக்குள்ளே யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து அத்தனை கணக்கையும் மறுபடி போட்டு முடித்திருந்தார்கள். அந்த நாள் முழுவதும் எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.

ஆனால் முகம் வரவில்லை. நூற்றைம்பது நாள் போயிற்று. ஆறாம் மாதம் கன்னத்தில் ஊசி குத்திப் பார்த்தார்கள். நரம்பு வந்து சேர்ந்திருந்தால் ஊசியோடு இணைத்த மெஷினில் சத்தம் வரும். ஒரு சத்தமும் இல்லை. எட்டாம் மாதம், பத்தாம் மாதம், கண்ணாடியில் அதே தொங்கல்.

பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் வித்யாதர் விளக்கினார். நாக்கை அசைக்கிற நரம்பில் பாதியை எடுத்து முகத்துக்கு இணைக்கலாம். அப்படிச் செய்தால் முகம் ஓரளவு நேராகும், கண் மூடும். அதற்கு என் சொந்த முக நரம்பை வெட்ட வேண்டும். பிறகு அது முளைத்து வர வழியே இல்லை. செய்வதென்றால் ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். தாமதித்தால் தசைகள் செத்துவிடும், அப்புறம் எந்த நரம்பைக் கொண்டுவந்தாலும் பயனில்லை.

மாமா அன்றே தேதி வாங்கினார். "பண்ணிடலாம் பிட்டா. பொண்ணு பாக்க வர்றவன் எக்ஸ்ரேயா பாப்பான்? முகத்தைத்தான் பாப்பான்." சம்மதப் படிவத்தில் நைனா கையெழுத்துப் போட்டார். கல்யாணமாகாத பெண்ணென்றால் தகப்பன் கையெழுத்துத்தான் எங்கள் பக்கம் வழக்கம், என் வயதை யாரும் கேட்கவில்லை. நானும் சண்டை போடவில்லை. மாமா சொன்ன காரணத்துக்காக அல்ல, கண்ணுக்காக. மூடாத கண்ணோடு படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினோரு மாதம் ஒரு நரம்புக்காகக் காத்திருந்து அலுத்திருந்தேன்.

*

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் நைனாவுக்குச் சாப்பாடு கொண்டு கொட்டகைக்குப் போனேன். அம்மா அந்தக் கோடியில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்தே வாயசைத்தேன். 'மாமா வந்திருக்காரு.'

அம்மாவின் கையிலிருந்து தார் உருண்டு விழுந்தது. ஓடும் தறிகளுக்கு நடுவே, முந்தானை மாட்டுமே என்றுகூடப் பார்க்காமல் வந்து, என் தாடையைப் பிடித்தாள். 'மறுபடி சொல்லு.'

'மாமா வந்திருக்காரு.'

'பதினோரு மாசமா நீ மா சொன்னா உதடு பாதிதான் மூடும். வலது ஓரம் திறந்தே கிடக்கும். இப்ப மூடிச்சு.'

'இல்லம்மா. காலைலகூடக் கண்ணாடி பார்த்தேன்.'

'கண்ணாடி என்னத்தைக் கண்டுச்சு?'

நைனா கையைத் தூக்கினார். பதினாறு தறியும் நின்றன. அந்த அமைதியில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "மாமா சொல்லு, மாமா சொல்லு" என்றார்கள். மாமாவும் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் முகத்துக்கு நேரே இருபது தடவை மாமா என்றேன். "மூடுது" என்றார்கள் நாலு பேர். "ஒண்ணுமில்ல, காத்து" என்றார்கள் மூன்று பேர். "எனக்கு அவ திட்டற மாதிரிதான் தெரியுது" என்றார் மாமா.

அம்மா யாருடனும் வாதாடவில்லை. கீழே விழுந்த தாரை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "நான் பார்த்தேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாதர் என்னைச் சிரிக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், குவிக்கச் சொன்னார். விளக்கடித்துப் பார்த்தார். "அசைவு இல்லை. வீட்டுக்காரங்களுக்கு எப்பவும் தெரியற மாதிரிதாம்மா இருக்கும்" என்றார் அம்மாவிடம், அன்பாகவே. என் உடையை மாற்றி, பச்சை அங்கி போட்டு, மறுநாள் காலை எட்டு மணி என்றார்கள்.

"ஊசி டெஸ்ட் இன்னொரு தடவை பண்ணுங்க" என்றேன்.

"பண்ணியாச்சேம்மா, ஆறாம் மாசம்."

"இது பதினோராவது. பண்ணாம என்னைத் தொடக் கூடாது."

"ஏய்!" என்றார் மாமா. "ஆபரேஷனே உனக்கு இஷ்டமில்லன்னு எழுதிடப் போறாங்க."

டாக்டர் இம்தியாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தார், கேட்டார், அம்மாவைப் பார்த்தார். ஐ.சி.யு. நாட்களை அவர் மறந்திருக்கவில்லை. அம்மாவை வராந்தாவின் கடைசிவரை போய் நிற்கச் சொன்னார். முப்பது அடி இருக்கும். என் கையில் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்தார். நான் குரலில்லாமல் ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்தேன். அம்மா அங்கிருந்து உரக்கச் சொன்னாள். "மழை. மூடிச்சு. பருத்தி. மூடல. மந்திரி. லேசா. பள்ளி. மூடல." நோயாளிகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். டாக்டர் இம்தியாஸ் அதே தாளில் அம்மா சொல்லச் சொல்லக் குறித்தார். பிறகு அதே வார்த்தைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி சொல்ல வைத்தார். பருத்தியும் பள்ளியும் இரண்டு தடவையும் மூடவில்லை. மழையும் மந்திரியும் இரண்டு தடவையும், லேசாகவாவது, மூடின.

"ஊசி எடுத்துட்டு வாங்க" என்றார்.

உதட்டின் வலது ஓரத்தில் ஊசி இறங்கியது, வலித்தது. அந்த வலியே புதிது. மெஷினில் முதலில் வெறும் இரைச்சல். "மா சொல்லு" என்றார். சொன்னேன். படபடவென்று, சூடான மணலில் நாலைந்து சோளம் பொரிவதுபோல ஒரு சத்தம். நின்றுவிட்டது. மறுபடி சொன்னேன். மறுபடி பொரிந்தது.

டாக்டர் வித்யாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அது என் நரம்பு. ஐந்து மணி நேரம் பிரித்தெடுக்கப்பட்டு, செத்து, யாரும் பார்க்காத இருட்டில் எலும்புச் சந்துக்குள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக ஊர்ந்து, நான் நம்பிக்கை விட்ட பிறகும் நிற்காமல் ஊர்ந்து, சரியாக என் உதட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் வழிகளில் அது தொலைந்திருக்கலாம். நான் இன்னும் ஒரு தடவை 'மா' என்றேன், யாரும் கேட்காமலே, அந்தச் சத்தத்துக்காக. என் ஒற்றைக் காதால் என் முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாலஞ்சு இழைதான்" என்றார் டாக்டர் வித்யாதர். "இதோட நின்னுபோகவும் செய்யலாம். பாதி முகம்தான் திரும்பலாம். காத்திருந்து வராமப் போனா, அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குப் பண்ணா ஓரளவு நிச்சயம்."

நான் டாக்டர் இம்தியாஸைப் பார்த்தேன்.

"அவர் சொல்றது உண்மை" என்றார். "நீ கேட்ட சத்தமும் உண்மை. ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அதான் கையெழுத்துப் போட்டாச்சே சார்!" என்றார் மாமா. "தகப்பன் போட்டுட்டான். இனிமே இவளைக் கேக்க என்ன இருக்கு? நிச்சயமானதை விட்டுட்டு, சோளம் பொரியற மாதிரி ஒரு சத்தத்துக்காக யாராவது காத்திருப்பாங்களா?"

அவர் பேசி முடிப்பதற்குள் நான் அங்கியின் முடிச்சை அவிழ்த்து, திரைக்குப் பின்னால் போய் என் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். இதற்குமேல் எண்ணிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. அந்த முதல் பொரிச் சத்தத்திலேயே முடிந்துவிட்டது. அதை வெட்ட நான் விடப்போவதில்லை. தவறினால் தவறுவது என் முகம்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் மாமா.

"ஊருக்கு."

கட்டிலுக்கு அடியிலிருந்த செருப்பைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "மூணு மாசம் கழிச்சு டெஸ்டுக்கு வரேன் சார்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.